ரொட்டிக் காட்சியில் ஒரு ஆடு

கெய்ரோ, 3 மார்ச் 1996

மதிப்பிற்குரிய உஸ்தாத் பஹ்கத் அவர்களுக்கு,

உங்கள் மீது அமைதி உண்டாகட்டும். மேடைக்கு அடியில், பெட்டிக்குள் உட்கார்ந்து உங்களுக்கு வசனம் எடுத்துக்கொடுக்கும் நஜ்லா எழுதுகிறேன். இத்தாலிய மொழியிலிருந்து இந்த நாடகத்தை மொழிபெயர்த்தவளும் நான்தான். நேரில் சொல்ல உங்கள் அறைவரை வந்தேன். தேநீரை மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அதனால்தான் உங்கள் ஒப்பனைக் கண்ணாடியில் செருகிய இந்தக் கடிதம்.

கடைசிக் காட்சியைப் பற்றியது. நீங்கள் நடிக்கும் கணவன், மனைவியின் நிலத்தை அவளைக் கேட்காமல் விற்றவன். வருடக்கணக்காகப் பேசாதிருந்தவள், "சாப்பிட்டீங்களா?" என்கிறாள். மூலத்தில் அவன் ஒரு பக்கம் முழுக்க வசனம் பேசி மன்னிப்புக் கேட்கிறான். மொழியியல் ஆய்வுக்காக இங்கே ஷுப்ரா பகுதி வீடுகளில் குடும்பச் சண்டைகளைப் பதிவு செய்து திரிந்தவள் நான். அங்கே எந்தக் கணவனும் வாய்விட்டு மன்னிப்புக் கேட்டதில்லை. ரொட்டியைப் பிய்த்துப் பாதியை அவள் பக்கம் தள்ளுவான். அந்த ஒரு பக்கத்தை நான் அப்படித்தான் மொழிபெயர்த்தேன்.

நீங்கள் அந்த இடத்தில் ஆடு மாதிரிக் கத்துகிறீர்கள்.

பணிவுடன்,
நஜ்லா

4 மார்ச்

மகளே நஜ்லா,

எனக்கு எழுத வராது, பேசற மாதிரியே எழுதறேன். மேடையில ஒருத்தன் சும்மா ரொட்டியப் பிச்சா ஜனம் என்ன பண்ணும் தெரியுமா? இருமும். ரொட்டி பிக்கறத அவன் வீட்டுலயே பாத்துக்குவான், அதுக்கு எதுக்கு டிக்கெட்? ஆடு கத்தினா மாடி வரிசையே சிரிச்சுக்கிட்டு எந்திரிச்சு நிக்குது!

அப்புறம், நீ குடுத்த டீயில சர்க்கரை இல்ல.

பஹ்கத்

5 மார்ச்

உஸ்தாத் அவர்களுக்கு,

வியாழனன்று தமன்ஹூரிலிருந்து என் பெற்றோர் நாடகம் பார்க்க வருகிறார்கள். அம்மாவின் வாத்துகளை அப்பா கேட்காமல் விற்றுவிட்டதால் இருவருக்கும் பேச்சில்லை. பேருந்திலும் தனித்தனி இருக்கைதான்.

அப்பா பருத்தி ஆலைத் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். "பேசறதுக்கெல்லாமா ஒரு படிப்பு? எல்லாரும் சும்மாதானே பேசறாங்க?" என்பார். இங்கே நான் தேவைப்படுகிறேன் என்று அவருக்குத் தோன்றினால் இருக்கலாம். இல்லையென்றால் அவர்களோடு ஊருக்குத் திரும்ப வேண்டும். பள்ளியில் எழுத்தர் வேலை சொல்லி வைத்திருக்கிறார்.

அன்று ஒருநாள் மட்டும் ஆடு வேண்டாம். சர்க்கரைக்கு மன்னிக்கவும்.

நஜ்லா

6 மார்ச்

சரி, ஒருநாள். இருமல் வந்தா பழி உன்மேல. ரொட்டி புதுசா இருக்கட்டும். பழைய ரொட்டியோட மல்லுக்கட்ட என்னால ஆகாது.

பஹ்கத்

9 மார்ச்

அன்புள்ள உஸ்தாத்,

எழுதியபடியே செய்தீர்கள். பெட்டிக்குள்ளிருந்து உங்கள் செருப்பும் ரொட்டியும்தான் தெரிந்தன. நீங்கள் சொன்னது சரி, இருமினார்கள். பிறகு இருமலும் நின்றது.

வெளியே வந்ததும் அப்பா சொன்னார்: "பாவம், நல்ல மனுஷன். கடைசில வசனம் மறந்துபோச்சு. என்ன பண்றதுன்னு தெரியாம ரொட்டியப் பிச்சுக்கிட்டு நின்னாரு. உங்க அம்மா வேற அழறா. எடுத்துக்குடுக்கக் கீழ ஒரு ஆள் இருக்குமாமே, தூங்கிட்டானா அவன்?"

"அது நான்தாம்ப்பா."

என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப நீ ஊருக்கு வராத. இங்க ஆள் தேவைதான். ஆனா கொஞ்சம் சத்தமா சொல்லிக்குடும்மா. சின்ன வயசுலருந்தே உன் குரல் யாருக்கும் கேக்காது."

மொழிபெயர்ப்பைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. பேருந்து நிலையத்தில் அப்பா ஒரு எள் ரொட்டி வாங்கினார். வேறெங்கோ பார்த்துக்கொண்டே பிய்த்து, பாதியை அம்மா மடியில் வைத்தார். அம்மா என் காதில் சொன்னாள்: "உங்க அப்பாவுக்கும் வசனம் மறந்துபோச்சு."

நன்றியுடன்,
நஜ்லா

10 மார்ச்

மகளே,

இத்தன வருஷத்துல ஒரு வசனம் மறந்தவனா நான்? முதல்ல அத உங்க அப்பாவுக்கு எழுதிப் போடு!

ஆட்டுக் கத்தல முதல் காட்சிக்கு மாத்திட்டேன். கடைசில ரொட்டிதான், இனிமே தினமும். இருமறவன் இருமட்டும்.

இன்னிக்கு டீ கொண்டு வா, சர்க்கரையோட. இந்தக் கண்ணாடியில செருகற வேலையெல்லாம் வேண்டாம். கதவத் தட்டு. சத்தமா.

பஹ்கத்