கரையொதுங்கிய ரொக்கெட் தகடு

2012 ஓகஸ்ட் 14, செவ்வாய். கற்பிட்டி.

இன்று மீன் சந்தையில் சூசையைக் கண்டேன். மே மாதம் கரையொதுங்கிய ரொக்கெட் தகடொன்றை எடுத்து, அதில் கருவாடு காயப்போட்டிருந்தவர். விண்வெளிக்குப் போய்வந்த பழம்பொருள்களை நான் இருபது வருடமாகச் சேர்க்கிறேன். தபாலுறைகள் இருக்கின்றன, பரசூட் துணித்துண்டு ஒன்றும் இருக்கிறது. உலோகம் மட்டும் கிடைக்கவில்லை. அதனால் அப்போதே, அந்தத் தகட்டில் நஞ்சு இருக்கிறது, தொட்ட கையிலும் சில மாதம் நிற்கும், நான் கொண்டுபோய் அரசாங்கத்திடம் ஒப்படைக்கிறேன் என்று அவரிடம் சொல்லி வாங்கிவந்தேன். நஞ்சு என்பது அந்த இடத்திலேயே நான் கட்டிய கதை.

இன்று சூசை இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

"ஐயா, இனி மகளைத் தூக்கலாமோ? பிறந்து நாப்பது நாள். மனிசி தரமாட்டன் எண்டுறா. மீனைத் தூக்கு, அது போதும் எண்டு பகிடி வேற."

"ஓம், தாராளமாத் தூக்கும். இனி ஒண்டும் செய்யாது" என்றேன். பொய் சொன்னதை ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை.

"உங்கட கைக்கு ஒண்டுமில்லையே ஐயா? நீங்களும் தூக்கினீங்கதானே. மனிசி கோயில்ல உங்களுக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்தினவ."

வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்தேன். தகட்டில் ஒட்டிய சீட்டில், கண்டெடுத்தவர் என்ற இடத்தில், என் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.