அலமாரியில் ஒரு குப்பி

நாள் 301 | 07:10 | மருத்துவக் குடில்

காற்றழுத்தம் சரி. குடிநீர் சரி. வெளியே தூசிப் புயல், மூன்றாம் வாரம்.

இதை எப்போதாவது படிக்கப்போகிறவருக்கு: நான் டாக்டர் ருக்மாங்கதன், மயக்க மருந்து நிபுணர், சொந்த ஊர் மதுரை. செவ்வாயின் இந்த நிலையத்தில் இப்போது இரண்டே பேர். நான் இங்கே. ஜெனரேட்டர் குடிலில் பொறியாளர் அமலி பர்னாந்து, தூத்துக்குடிக்காரி. நடந்தால் ஐந்து நிமிடத் தூரம்தான். ஆனால் விண்வெளி உடையை மாட்டிக் கழற்ற ஒரு மணி நேரம் போய்விடும். அதனால் எல்லாப் பேச்சும் ரேடியோவில். மற்றவர்கள் போன கப்பலில் ஊர் திரும்பிவிட்டார்கள். அடுத்த கப்பல் வர இன்னும் ஐந்து வாரமாவது ஆகும்.

மருந்து இருப்பு: மயக்க வாயுக் கருவி பழுது. மருந்துப் பெட்டி கவிழ்ந்ததில் உடைந்தது போக, கெட்டமைன் என்ற மயக்க மருந்து ஒரே ஒரு குப்பி, எண்பூட்டுப் போட்ட அலமாரியில். அது அறுவைக்கு. அதை யாரும் தொடக்கூடாது, நான் உட்பட.

நாள் 304 | 16:40

அமலியிடமிருந்து:

"டாக்டர், ஒரு விசயம் சொல்லணும். எனக்கு இனிமே இருக்கவே வேண்டாம்னு தோணுது. இன்னிக்கு நேத்து இல்ல, ரொம்ப நாளாவே. மனசுக்குன்னு பூமில எழுதிக் குடுத்த மாத்திரைய ஒழுங்காத்தான் போடுதேன். ஒண்ணும் மாறல."

என்ன காரணம் என்று கேட்டேன். வீட்டில் ஏதும் பிரச்சினையா, வேலைப்பளுவா, என்மேல் கோபமா என்று வரிசையாகக் கேட்டேன்.

"காரணம் இருந்தா அதச் சரிபண்ணிட்டுப் போயிருவேனே டாக்டர். நான் இன்சினியர்லா?"

காரணம் இல்லாத நோயை நான் நம்புவதில்லை. நன்றாகத் தூங்கு, உடற்பயிற்சி செய் என்றேன். முறைப்படி பூமிக்கும் தகவல் அனுப்பிவிட்டேன்.

நாள் 305 | 09:25

பூமியிலிருந்து பதில். மனநல மருத்துவர் மெஹருன்னிசா. என் மகள் வயதுகூட இருக்காது.

"சார், ரெண்டு விதமான மாத்திரை குடுத்துப் பாத்தாச்சு, கேக்கல. இப்ப தற்கொலை எண்ணமும் வந்திருக்கு. வேற மாத்திரை மாத்தினா வேலை செய்ய வாரக்கணக்குல ஆகும், அவ்வளவு நாள் நம்மகிட்ட இல்ல. கெட்டமைன் குடுங்க. சில மணி நேரத்துலயே தெரியும். ஆபரேஷனுக்குக் குடுக்கிறதுல சின்னப் பங்கு போதும். குடுத்துட்டு ரெண்டு மணி நேரம் பக்கத்துலயே இருங்க, பிரஷர் பாருங்க. அது நோயைத் தீர்க்காது சார், அவங்களுக்கு மூச்சு விட இடம் குடுக்கும். அதுவரைக்கும் மணிக்கொரு தடவை கூப்பிட்டுப் பேசுங்க, ப்ளீஸ்."

வாழ்நாளெல்லாம் இந்த மருந்தைக் கையாண்டவன் நான். கை நசுங்கியவனுக்கு, வயிறு கிழிந்தவனுக்குக் கொடுத்திருக்கிறேன். மனசு சரியில்லை என்பவளுக்காக ஒரே குப்பியின் மூடியைத் திறப்பதா? நாளைக்கே இங்கே யாருக்காவது கால் நசுங்கினால் யார் பதில் சொல்வது?

'ஆலோசிக்கிறேன்' என்று பதில் அனுப்பினேன். என் அகராதியில் அதற்கு 'மாட்டேன்' என்று பொருள்.

நாள் 307 | 11:00

மணிக்கொரு முறை கூப்பிடுவது பெரிய தொல்லை. கையுறை போட்டு வேலைக்கு உட்கார்ந்தால்தான் கூப்பிடும் நேரத்துக்கான மணி அடிக்கிறது. 'அமலி, இருக்கியா?' என்று என் குரலைப் பதிவு செய்து கணினியிடம் கொடுத்துவிட்டேன். அதுவே கேட்கும், அதுவே பதிலைப் பதிந்துகொள்ளும். பதில் வராவிட்டால் எனக்கு மணியடிக்கும். நல்ல ஏற்பாடு.

நாள் 312 | 13:05

"டாக்டர், நீங்க கேக்குத 'இருக்கியா' எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. இருமல்கூட அதே எடத்துல வருது. மெஷின விட்டுக் கேக்க வச்சிருக்கீய. பரவால்ல, நானும் பதில் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன். ஆனா இன்னிக்கு என்னைய நானே நம்ப முடியல. அத மெஷின்கிட்ட சொல்ல வாய் வரல. அதான் உங்களக் கூப்பிட்டேன்."

குரல் பதிவை நிறுத்தினேன். உடையை மாட்டிக்கொண்டிருக்கிறேன். குப்பி என் பையில்.

நாள் 312 | 20:30 | ஜெனரேட்டர் குடில்

கொடுத்தாயிற்று. மெஹருன்னிசா சொன்ன அளவு, அவர் சொன்ன வேகம். ரத்த அழுத்தம் ஏறியது, பிறகு இறங்கியது. உடம்பு எங்கேயோ கிடக்கிறது, தான் வேறெங்கேயோ இருக்கிறோம் என்று முனகினாள். கையைப் பிடித்துக்கொண்டேன். அழுதாள், தூங்கினாள், விழித்தாள். உட்காரும் அளவுக்குத் தெளிந்ததும் தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு டம்ளரை உற்றுப் பார்த்தாள். தண்ணீர் ருசியாக இருக்கிறதாம். இத்தனை மாதமாக எதற்குமே ருசி இல்லையாம்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இந்த ருசி எட்டு நாளாக என் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. பூட்டி வைத்தவன் நான். இவள் வலி எனக்கு வலியாகவே தெரியவில்லை. மருத்துவன் என்று சொல்லிக்கொள்ள வாய் கூசுகிறது.

நாள் 321 | 10:15 | மருத்துவக் குடில்

போன தடவை கொடுத்தது வடியத் தொடங்கிவிட்டது. பேச்சில் தெரிந்தது. நேற்று போய் இரண்டாம் முறை கொடுத்தேன், மறுபடி எழுந்து உட்கார்ந்தாள். விண்வெளி உடையின் வடிகட்டியை ஒழுங்காகத் துடைப்பதில்லை என்று என்னைத் திட்டினாள். சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

இன்று முதல் பூமியோடு பேச முடியாது. நடுவில் சூரியன் வந்துவிட்டது. அது விலகிய பிறகுதான் குரலும் வரும், கப்பலும் வரும். குப்பியில் மீதி இருப்பது அவளை அதுவரை தாங்கும். ஓர் அறுவைக்கு எடுத்தால் ஒரு மணி நேரத்தில் அத்தனையும் தீர்ந்துவிடும்.

நாள் 325 | 06:50

வயிற்றில் வலி. முதலில் தொப்புளைச் சுற்றி, இப்போது வலப்பக்கம் கீழே. காய்ச்சல். குடல்வால். மாணவனாக இருந்தால் இந்த விடைக்கு முழு மதிப்பெண்.

அறுவையை இங்குள்ள தானியங்கி இயந்திரம் செய்யும், அமலி உதவினால் போதும். மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டுக்கொள்வேன். குப்பி அவளுடையது. அவள் எடுத்து எனக்குக் கொடுத்துவிடக்கூடாது என்று அலமாரிப் பூட்டின் எண்ணை மாற்றிவிட்டேன். அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். "வாறேன்" என்று ஒரே சொல்.

நாள் 327 | 15:20

உயிரோடு இருக்கிறேன். நடந்ததை இயந்திரத்தின் ஒலிப்பதிவில்தான் கேட்டேன்.

நோயாளி அசைந்தால் கத்தி தானாக நின்றுவிடும். நான் அசைந்தேன். இரண்டு முறை நின்றது. நான் கத்துவது கேட்கிறது. என் குரல் என்று நம்ப முடியவில்லை. பிறகு அமலி:

"டாக்டர், இந்தப் பூட்ட மாட்டினது யாருன்னு நெனச்சீய? நான்தான். எண்ண மாத்துனா எனக்குத் தெறக்கத் தெரியாதா? நெனச்சிருந்தா அன்னிக்கே தெறந்திருப்பேன். நீங்களா குடுக்கணும்னுதான் காத்துக்கிட்டுக் கெடந்தேன். எனக்கு இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். உங்களுக்கு இப்பவே வேணும். அசையாதீங்க."

வேண்டாம் என்கிறேன். தெளிவாகவே சொல்கிறேன். அதற்கப்புறம் என் குரல் இல்லை.

குப்பி காலி.

நாள் 330 | 18:00

குடல்வால் முன்பே வெடித்திருந்தது. காய்ச்சல் இறங்கவில்லை, மருந்து கேட்கவில்லை. புயல் மறுபடி வலுத்துவிட்டது. ஜெனரேட்டரின் வடிகட்டி அடைத்துக்கொண்டே இருக்கிறது, அவள் அங்கே இருந்து துடைத்தால்தான் இரண்டு பேருக்கும் காற்று. போய்விட்டாள். போகச் சொன்னதும் நான்தான்.

மணிக்கொரு முறை நானே கேட்கிறேன், என் வாயால்.

"இருக்கேன் டாக்டர். சரியா இல்ல. ஆனா இருக்கேன்."

அவளைப் பேசவைக்க மீன் கதை கேட்டேன். நெத்திலியைத் தலையோடு பொரிக்க வேண்டுமாம், தலையைக் கிள்ளுகிறவர்கள் மதுரைக்காரர்களாம். சண்டை போட்டேன். கொஞ்சம் சிரித்தாள். அடுத்த மணிக்குப் பதில் தாமதமாக வந்தது. அதற்கடுத்த மணிக்கு இன்னும் தாமதம்.

நாள் 333 | நேரம் பார்க்கவில்லை

காய்ச்சல் ஏறிவிட்டது. சுருக்கமாக.

வலியில் பெரிது சிறிது என்று பிரித்தேன். என் வலி வந்ததும் அவளுடைய மருந்து என் உடம்பில் ஏறியது. அவள் கொடுத்தாள். நான் எட்டு நாள் கொடுக்கவில்லை. அமலி, என்னை மன்னித்துவிடு. ரேடியோவில் சொல்ல வாய் வரவில்லை.

கதவைத் திறக்கிற டாக்டருக்கு. முதலில் என்னிடம் வராதீர்கள். ஜெனரேட்டர் குடிலுக்குப் போங்கள். உங்கள் பெட்டியில் கெட்டமைன் இருக்கும். காரணம் கேட்காதீர்கள். கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். அப்புறமும் உட்காருங்கள்.

குரல் போய்க்கொண்டிருக்கிறது. பழைய பதிவை மறுபடி கணினியிடம் கொடுத்திருக்கிறேன். இந்தத் தடவை நேரம் மிச்சம் பிடிக்க இல்லை. கேட்பது நிற்கக்கூடாது

நாள் 334 | தானியங்கிப் பதிவு

14:00
"அமலி, இருக்கியா?"
"இருக்கேன். உங்களுக்குக் காய்ச்சல் எப்படி இருக்கு?"

15:00
"அமலி, இருக்கியா?"
"இருக்கேன். டாக்டர்? நான் கேட்டதுக்குப் பதிலே சொல்லலியே."

16:00
"அமலி, இருக்கியா?"
"இருமல் அதே எடத்துல வருது டாக்டர்."

17:00
"அமலி, இருக்கியா?"
பதில் இல்லை. மருத்துவக் குடிலில் எச்சரிக்கை மணி அடிக்கப்பட்டது. யாரும் நிறுத்தவில்லை.

18:00
"அமலி, இருக்கியா?"
"இருக்கேன். அது நீங்க இல்லன்னு தெரியும். இருந்தாலும் கேளுங்க."