பதின்மூன்றாவது முதலியார்

அஜின்கோர்ட்,
மார்ச் 9.

பெரியத்தான் அவர்களுக்கு,

நான் சுகம். மகள் நிலாணி விட்பியிலிருந்து ஞாயிறுகளில் வந்து பார்த்துவிட்டுப் போகிறாள். உங்கள் சுகத்தை விசாரிப்பதுதான் முறை. எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் தம்பி, என் கணவர், இறந்த முப்பத்தோராம் நாளுக்கு நீங்கள் நினைவு மலராக அச்சடித்துக் கொடுத்த கல்வெட்டுப் புத்தகத்தை அன்று நான் திறந்தும் பார்க்கவில்லை. வந்தவர்களைச் சாப்பிடவைக்கவே நேரம் சரியாக இருந்தது. போன கிழமைதான் படித்தேன். தேவாரமும் படங்களும் முடிய, இவர் ஏழு வருடம் தேடித் தேடி எழுதிய "1707ஆம் ஆண்டில் உலகம்" என்ற கட்டுரை வருகிறது. தொகுப்பு என்று உங்கள் பெயர். சூரிச்சில் இருந்துகொண்டு எப்போது தொகுத்தீர்கள்?

பெயரைக்கூட விட்டுவிடலாம். ஔரங்கசீப் இறந்ததும், இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தும் ஒன்றானதும், சில்லித் தீவுப் பாறைகளில் கப்பல்கள் மோதி ஆயிரத்துக்கு மேற்பட்ட மாலுமிகள் செத்ததும் அவர் எழுதியபடியே இருக்கின்றன. யாழ்ப்பாணத்தைப் பற்றிய பகுதி வந்ததும் உங்கள் கை சும்மா இருக்கவில்லை. அந்த வருடம் ஒல்லாந்தர், அந்த டச்சுக்காரர், எங்கள் ஊர் வழக்கங்களைத் தேசவழமைச் சட்டமாக எழுதுவித்து, சரிபார்க்க முதலியார் பட்டம் பெற்ற ஊர்ப் பெரியவர்கள் பன்னிரண்டு பேரிடம் கொடுத்தார்கள். பன்னிரண்டு பேருடைய பெயரும் பதிவில் உண்டு. நீங்கள் உங்கள் பரம்பரையிலிருந்து ஒருவரைப் பதின்மூன்றாவதாகக் கொண்டுபோய் இருத்திவிட்டீர்கள். இதற்காக நீங்கள் முன்பே அவரோடு போனில் சண்டை பிடித்ததும் எனக்குத் தெரியும். "எங்கட ஆக்கள் அந்த வருசம் என்ன செய்தவை எண்டு எனக்குத் தெரியாது அண்ணை, தெரியாததை எழுதமாட்டன்" என்றுதான் அவர் சொன்னார். அவர் வாய் மூடும்வரை காத்திருந்து எழுதியிருக்கிறீர்கள்.

அன்று மண்டபத்தில் இரண்டு பேர் என் கையைப் பிடித்து, இப்படிப்பட்ட குடும்பமா என்று வியந்தார்கள். நானும் ஒன்றும் விளங்காமல் தலையாட்டினேன். நினைக்க நினைக்க எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது.

இப்போது அந்தக் கட்டுரையைத் தனிப் புத்தகமாகவே வெளியிடப்போகிறீர்கள் என்று நிலாணி பேஸ்புக்கில் பார்த்துச் சொன்னாள். செய்தால், விமானம் ஏறி அங்கே வருவேன். மேடையில் நின்று பன்னிரண்டு பெயரையும் வாசிப்பேன். வெறும் மிரட்டல் என்று நினைக்கவேண்டாம்.

செத்தவீட்டில் என்னிடம் வாங்கிப்போன, அவர் இதையெல்லாம் எழுதிவைத்த கொப்பியைத் திருப்பி அனுப்புங்கள். அதில் கடைசி முப்பது பக்கமும் என் கையெழுத்து. இவருக்குக் கை நடுங்கத் தொடங்கிய பிறகு, அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஜப்பானில் புஜி மலை வெடித்து நகரமெல்லாம் சாம்பல் கொட்டிய இடத்தில், "போதும் தவமணி, நீர் இன்னும் சாப்பிடேல்லை, எழும்பும்" என்று ஒரு வரி இருக்கும். எழுதிய வேகத்தில் அதையும் எழுதிவிட்டேன். கல்வெட்டில் அதை எடுத்துவிட்டீர்கள். சரிதான், அது 1707இல் நடந்ததில்லை.

கொப்பியில் அந்த வரியை வெட்டாமல் விட்டிருந்தால், பெரியத்தான், நீங்கள் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
தவமணி இரத்தினவேல்