அடி விளக்குக்கு நீ எழுதிய பேர்

புள்ள,

இன்றைக்குக் காலையில் வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு, குளிக்கிற தண்ணியும் பாத்திரம் கழுவுகிற தண்ணியும் போய் விழுகிற தொட்டியிலிருந்து பழைய சென்சாரைக் கழற்றினேன். சென்சார் என்று பேர்தான் பெரிசு. தொட்டியின் பக்கத்தில் ஒன்றுக்கு மேல் ஒன்றாகத் திருகிய நாலு எஃகு ஆணிகள். தண்ணி எந்த ஆணியைத் தொடுகிறதோ அதற்கான விளக்கு உள்ளே சமையல் மேடைக்கு மேல் எரியும். ஆணியை வெளியே இழுத்தால் விரல் நீளத்துக்குக் கறுப்பாகச் சேறு ஒட்டிக்கொண்டு வந்தது. சோப்பு, எண்ணெய்ப் பிசுக்கு, கடுகு, முடி எல்லாம் ஊறிக் குழைந்தது. நாற்றம் அடித்த அதே நேரத்தில் அதற்குள்ளிருந்து சீயக்காய் வாசம் வந்தது. இந்த வண்டியில் சீயக்காய் தேய்த்துக் குளித்தவள் நீ ஒருத்திதான். கடைசியாக நீ தலைக்கு ஊற்றிய தண்ணி அது. மூக்கைப் பொத்தாமல் அப்படியே கிடந்தேன்.

அழுதேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன்மேல் எனக்கு இருந்த கோபம் அப்போது இன்னும் ஆறவில்லை. ஒரு வருசமாக என் சட்டைப் பையில் உன் மாத்திரை அட்டையை வைத்துக்கொண்டு திரிகிறேன். பத்துக் குழியும் காலியான அட்டை. நான் கேட்டேன், நீ "நிறைஞ்சிருக்குங்க" என்றாய். வாய் கூசாமல் பொய் சொன்னாய். என்றைக்காவது உன்னை நேரில் பார்க்க வாய்த்தால் முதலில் அந்த அட்டையை எடுத்து நீட்டி, ஏன் புள்ள சொன்னே என்று கேட்க வேண்டும் என்றுதான் வைத்திருந்தேன். அப்படித்தான் இன்று காலை வரை.

உன் வருசத் திதி முடிந்த கையோடு மலையேறி வந்தேன். வாழவந்தி நாட்டில் உன்னை அக்கா என்று கூப்பிடுகிற செல்லம்மாவின் மிளகுத் தோட்டத்து ஓரத்தில்தான் வண்டி நிற்கிறது. கடைசியாக நாம் வந்தபோது நின்ற அதே இடம்தான். மகன் வேண்டாம் என்றான். இந்தச் சென்சாரை மாற்றாமல் நான் ஓயமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். உன்னிடம் காட்ட முடியாத கோபத்தை எதன்மேலாவது காட்டித்தானே ஆகவேண்டும். புதுச் சென்சாரில் ஆணி கிடையாது. தொட்டிக்கு வெளியே பல்லி மாதிரி ஒட்டிக்கொள்ளும், தண்ணியைத் தொடாமலே அளவு சொல்லும். பிளாஸ்டிக் தொட்டியாக இருந்தால்தான் வேலை செய்யும். இரும்புத் தொட்டி போடலாம் என்று நான் குதித்தபோது, துரு வாடையில் காப்பி குடிக்க முடியாதுங்க என்று மறுத்தவள் நீ. அதிலும் நீதான் ஜெயித்திருக்கிறாய்.

உனக்கு நினைவிருக்கும், அந்தப் பழைய பள்ளிக்கூட வண்டியை நாமக்கல் பட்டறையில் நிறுத்தி, சீட்டையெல்லாம் பிடுங்கிவிட்டு, கட்டிலும் அடுப்பும் குளியலறையும் வைத்துக் கட்டினோம். முப்பது வருசம் லாரியில் ஊர் ஊராகச் சுற்றியவனுக்கு ரிட்டையர் ஆனதும் மறுபடியும் ரோட்டுக்குத்தான் போகணுமா என்று ஊரே சிரித்தது. "இத்தன நாளா தனியாத்தான சுத்துனீங்க, இனி நானும் வாரேன்" என்றாய் நீ. நல்ல தண்ணித் தொட்டிக்கும் கழிவுத் தொட்டிக்கும் சேர்த்து விளக்குப் பலகையை நான் மாட்டினேன். "எழுத்து உனக்குத்தான் அழகா வரும், பக்கத்துல பேர் எழுதி ஒட்டு" என்று நாலு துண்டு டேப்பைக் கொடுத்துவிட்டுப் பட்டறைக்காரனோடு சண்டை போடப் போய்விட்டேன். நீ எழுதி ஒட்டியதை நான் ஒரு நாளும் படிக்கவில்லை. பூண்டுப் பையை வேறு அதன் மேல் தொங்கவிட்டிருந்தாய். நான் எதற்கு அதைப் பார்க்கவேண்டும்? ஸ்டியரிங்கில் உட்கார்ந்தபடியே "தண்ணி எப்படி புள்ள?" என்று கேட்டால் நீ சொல்லிவிடுவாய்.

சில நாள் "ரொம்பியிருக்குங்க" என்பாய். சில நாள் "நிறைஞ்சிருக்குங்க" என்பாய். ரெண்டும் ஒன்றுதான் என்று நான் வண்டியை எடுப்பேன். பத்து மைல் தாண்டி முகம் கழுவக் குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். சென்சாரைப் பிடித்து வாயில் வந்தபடி திட்டுவேன். கழிவுத் தொட்டி விளக்கு, தொட்டியைச் சுத்தமாக வடித்த பிறகும் பாதி இருப்பதாகக் காட்டுகிற வழக்கம் உண்டு, ஆகவே எல்லா விளக்கும் பொய்தான் என்று முடிவு கட்டினேன். நீ மூலையில் நின்று சிரிப்பாய்.

"அதப் போட்டு ஏனுங்க வையறீங்க. நல்ல தண்ணிது சரியாத்தான் சொல்லுது. நானுஞ் சொன்னேனுங்கல்ல."

"நீ சொன்னது கிழிச்சுது" என்பேன்.

அந்தச் சிரிப்பை நான் உன் இளகிய மனசு என்று நினைத்தேன். ஒரு இரும்புத் துண்டுக்குக்கூடப் பரிந்து பேசுகிறாளே என்று.

கடைசிப் பயணத்துக்கு வருகிறேன். காரவள்ளியில் மலை ஏறுவதற்கு முன்னால் வண்டியை நிறுத்தி டீ குடித்தோம். எதிரே மருந்துக்கடை திறந்திருந்தது. நெஞ்சுவலி வந்து நீ ஆஸ்பத்திரியில் கிடந்து எட்டு மாசம் ஆகியிருந்தது. ஒரு வேளை மாத்திரையும் விடக்கூடாது என்று டாக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். ஆகவே கேட்டேன். கேட்கவில்லை என்று யாரும் என்னைச் சொல்லமுடியாது.

"மாத்திரை இருக்குதா புள்ள?"

"நிறைஞ்சிருக்குங்க."

"சரி, ஏறு."

நீ மருந்துக்கடையைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். நான் சாவியைத் திருகிவிட்டேன். எழுபது கொண்டை ஊசி வளைவிலும் நீ பேசாமல் வந்தாய். எப்போதும் வளைவுக்கு வளைவு எண் பலகையைச் சத்தமாகப் படித்துக்கொண்டு வருகிறவள் ஏன் பேசாமல் வருகிறாள் என்று கேட்டிருக்கலாம். தலை சுற்றுகிறது போல என்று விட்டுவிட்டேன்.

நாலாம் நாள் காலையில் தலைக்குக் குளித்துவிட்டு, மிளகுக்கொடி ஏறிய மரத்தடியில் முடியை உலர்த்திக்கொண்டிருந்தாய். துண்டு கீழே விழுந்தது. பிறகு நீ விழுந்தாய். செல்லம்மா வீட்டுக்காரர் ஜீப்பில் போட்டுக்கொண்டு இறங்கினோம். இன்னும் இருபத்தாறு வளைவு மிச்சம் இருந்தபோது உன் கை என் கையில் கனத்துவிட்டது. கீழே டாக்டர் முதலில் கேட்டது, "மாத்திரையை விட்டாங்களா?" என்றுதான். இல்லை டாக்டர், நிறைய இருக்குது என்று நான் அடித்துச் சொன்னேன். வண்டிக்குத் திரும்பி வந்து உன் மாத்திரை டப்பாவைத் திறந்தால் இந்த அட்டை மட்டும் கிடந்தது.

அன்றிலிருந்து எனக்குத் தெரிந்த ஒரே விளக்கம் நீ பொய் சொன்னாய் என்பதுதான். பயணம் கெட்டுவிடும் என்றோ, இந்த ஆள் கத்துவான் என்றோ.

சரி, இன்றைக்கு வா. கழிவுத் தொட்டி வேலையை முடித்துவிட்டு நல்ல தண்ணித் தொட்டிக்கு வந்தேன். அதன் ஆணிகளையும் கழற்றினேன். பளபளவென்று இருந்தன, நேற்றுக் கடையில் வாங்கியது மாதிரி. ஒரு பொட்டு அழுக்கில்லை. சந்தேகம் வந்து மறுபடி மாட்டினேன். குடம் குடமாகத் தண்ணி ஊற்றி உள்ளே ஓடிப் போய்ப் பார்த்தேன். பச்சை எரிந்தது. அடி ஆணி மட்டும் நனையும் அளவுக்கு வடித்துவிட்டுப் பார்த்தேன். அடியிலிருக்கிற சிவப்பு மட்டும் எரிந்தது. மூன்று தடவை செய்தேன். மூன்று தடவையும் சரியாகச் சொன்னது. இந்தச் சென்சார் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை, புள்ள. மூன்று வருசம் இதை நான் வீணுக்குத் திட்டியிருக்கிறேன்.

அப்படியானால் குழாயில் காற்று வந்ததெல்லாம் எப்படி? பூண்டுப் பையைக் கழற்றிப் போட்டேன். பலகை முழுக்க எண்ணெய்க் கறை. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். உன் எழுத்து ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பச்சைக்கு நேராக ரொம்பல். அடுத்தது பாதி. அதற்குக் கீழே கொஞ்சம். எல்லாவற்றுக்கும் அடியில், சிவப்புக்கு நேராக, நிறைவு.

ரெண்டு தடவை படித்தேன். எழுத்துப் பிழை என்று நினைத்தேன். மேலேயும் நிறைந்தது, கீழேயும் நிறைந்தது என்றால் காலி எங்கே?

செல்லம்மா வேகவைத்த குச்சிக்கிழங்கு ஒரு தட்டில் கொண்டுவந்து படியில் நின்றாள். "பாரு செல்லம்மா, உங்க அக்கா எழுதி வெச்சிருக்கறத" என்று காட்டினேன்.

அவள் எட்டிப் பார்த்தாள். "சரியாத்தானுங்ணா எழுதியிருக்குது."

"தண்ணி அடியில கெடக்குது. நிறைவுன்னா எப்படி?"

"இல்லைன்னோ தீந்துபோச்சுன்னோ ஊட்டுல வாயெடுத்துச் சொல்லமாட்டமுங்கல்ல. அரிசிப் பானையத் தொடச்சு வெச்சிருந்தாலும் நிறைஞ்சிருக்குதுன்னுதான் சொல்லுவமுங்க. கேக்கறவங்களுக்குத் தெரியுமுங்க. அண்ணனுக்குத் தெரியாதுங்களா?"

எனக்குத் தெரியாது. விவரம் தெரியும் முன்னே அம்மாவைப் பறிகொடுத்துவிட்டு, லாரியில் ஏறி, ஓட்டல் சோறு தின்றே வளர்ந்தவன் நான். கல்யாணத்துக்குப் பிறகும் மாசத்தில் நாலு நாள்தான் வீடு. நான் வருவதற்குள் நீ அரிசியும் உப்பும் வாங்கி வைத்துவிடுவாய். அந்தச் சொல் என் காதில் விழுவதற்கு வேலையே வந்ததில்லை. இதெல்லாம் ஒரு சாக்கா? எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"மாத்திரைக்கும் அப்படிச் சொல்லுவீங்களா?" என்று செல்லம்மாவிடம் கேட்டேன்.

அவளுக்கு நான் ஏன் கேட்கிறேன் என்று தெரியாது. சிரித்துக்கொண்டே சொன்னாள். "அதுக்குத்தானுங்ணா மொதல்ல அப்படிச் சொல்லோணும். உசுரக் காப்பாத்தற மாத்திரைக்குப் போயி யாராச்சும் தீந்துபோச்சும்பாங்களாக்கும்?"

தட்டை வைத்துவிட்டுப் போனாள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கிழங்கு ஆறிப்போகிற வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ என்னிடம் சொல்லியிருக்கிறாய். காரவள்ளியில், மருந்துக்கடைக்கு முன்னால், மாத்திரை தீர்ந்துவிட்டது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறாய். நான் சரி என்றேன். சரி, ஏறு என்றேன்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. உட்கார்ந்த இடத்தில் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. வரவேண்டாம் என்று பல்லைக் கடித்தேன், வந்துவிட்டது. இங்கே வந்த ரெண்டாம் நாள். நான் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு இதே ஆணியைக் குடைந்துகொண்டிருந்தேன். உன் பாதம் மட்டும் எனக்குத் தெரிந்தது. மெட்டி விரலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றாய்.

"ஏனுங்க, மாத்திரை நிறைஞ்சிருக்குன்னு சொன்னேனுங்க."

"அதான் சொன்னயே. எத்தன தடவ சொல்லுவ? போய் வேலையப் பாரு புள்ள, நானே இந்தச் சனியனோட மல்லுக்கட்டிட்டிருக்கறேன்."

உன் பாதம் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு போய்விட்டது. நீ என்ன நினைத்துக்கொண்டு போனாய்? தெரிந்தே வாங்கித் தராமல் இருக்கிறான் என்றா? செம்மேடு சந்தைக்குப் போகும்போது வாங்கிக்கொள்ளலாம், இப்போது கேட்டால் இன்னும் கத்துவான் என்றா? இதை நான் யாரிடம் போய்க் கேட்பது? மருந்துக்கடை இருக்கிற செம்மேடு இங்கிருந்து ஒரு டீ குடிக்கிற நேரம்தான், புள்ள. இந்த முறை வந்த பிறகு எத்தனை தடவை போய் வந்துவிட்டேன்.

சட்டைப் பையிலிருந்து அந்த அட்டையை எடுத்துப் பார்த்தேன். ஒரு வருசமாக உனக்கு எதிரான சாட்சி என்று வைத்திருந்தது. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கோபப்பட யாராவது இருந்தால் கொஞ்சம் தெம்பாக இருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது. அட்டையைத் தூக்கிப் போடவில்லை. மறுபடி அதே பையில்தான் வைத்திருக்கிறேன்.

கழிவுத் தொட்டிக்குப் புதுச் சென்சாரை ஒட்டிவிட்டேன். நல்ல தண்ணித் தொட்டிக்கு வாங்கியதைப் பெட்டியோடு பரணில் போட்டுவிட்டேன். அதில் மாற்ற ஒன்றுமில்லை. உன் நாலு டேப்புக்கும் மேலே பிசுக்குப் பிடிக்காமல் கண்ணாடித் தாள் ஒட்டியிருக்கிறேன். பூண்டுப் பையை வேறு பக்கம் மாட்டிவிட்டேன்.

சாயங்காலம் செல்லம்மா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தாள். "ஏனுங்ணா, ராத்திரிச் சோத்துக்கு அரிசி இருக்குதுங்களா?"

டப்பாவைத் திறந்து பார்த்தேன். அடியில் நாலு மணிதான் கிடந்தது. இந்த வயசில் முதல் தடவையாக அந்தச் சொல்லை என் வாயால் சொன்னேன்.

"நிறைஞ்சிருக்குது செல்லம்மா."

அவள் மறு கேள்வி கேட்கவில்லை. நான் கை கழுவித் துடைப்பதற்குள் படி நிறைய அரிசியோடு வண்டிப் படியில் வந்து நின்றாள். ஒரு தடவைதான் சொன்னேன், புள்ள. ஒரே ஒரு தடவை.