கோழிக்கூட்டுக் கொக்கி

தங்கச்சிக்கு,

மண்டபம் முகாமிலிருந்து நீ போட்ட கடிதம் கிடைத்தது. விடத்தல்தீவுக்குத் திரும்பினால் என்னோடு வந்து இருக்கலாமா என்று கேட்டிருக்கிறாய்.

இப்போது ஐந்து கோழி வளர்க்கிறேன். புள்ளிக்கோழி அடைகிடக்கிறது. காலையில் தவிடு வைத்தால் மைனாக்களும் வந்து கோழிகளோடு தின்னும். நான் விரட்டுவதில்லை. களப்புத் தண்ணீரில் பூநாரைகள் வந்து நிற்கின்றன.

சண்டைக்குப் பயந்து ஊரை விட்டு இந்தியாவுக்கு வள்ளம் ஏறிய அன்று, "கூட்டைத் திறந்துவிட்டிட்டு வாடி" என்று உன்னை அனுப்பினேன். நீ கொக்கியை மாட்டிவிட்டு வந்தாய். நடுக்கடலில்தான் சொன்னாய், "நாளைக்கு வந்திடுவம்தானே அக்கா, திறந்து விட்டால் நரி பிடிச்சிடும்" என்று. உள்ளே ஏழு பேடும் ஒரு சேவலும். இருபது வருசம் கழித்து வந்து பார்த்தேன். கூடு உக்கி மண்ணாகியிருந்தது. கொக்கி மட்டும் துருப்பிடித்து, நீ மாட்டியபடியே கிடந்தது.

அதனால் நான் கூடு கட்டவில்லை. கோழிகள் பூவரசில் ஏறிப் படுக்கும். போன மாதம் கீரி இரண்டைக் கொண்டுபோனது.

இனிக் குஞ்சு பொரித்தால் கூடும் வேண்டும், கதவும் வேண்டும். தச்சனிடம் சொல்லியிருக்கிறேன்.

உனக்கு ஒரு அறை ஒதுக்கி வைத்திருக்கிறேன். வா. கொக்கியில் மட்டும் கை வைக்காதே.

அக்கா