ரிஸ்வானாவின் வாப்பா ஓட்டிய சுற்று

ஜூலை 12, ஞாயிறு

ஆன்லைன் கார்ப் பந்தயத்திலிருந்து ரிஸ்வானாவை இன்று நான்தான் நீக்கினேன். ஒரு ஐடியில் ஒருவர்தான் ஓட்ட வேண்டும் என்பது விதி. விதிகளை முழுவதும் படித்தவள் என்று என்னை மாடரேட்டராகப் போட்டிருக்கிறார்கள். நேற்று டியூஷனில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அதே நேரத்தில் அவள் ஐடி அரையிறுதியில் ஜெயித்திருக்கிறது.

காலையில் போன் செய்து கேட்டேன். அவள் மறைக்கவில்லை.

"வாப்பாதான் சவூதிலேர்ந்து ஓட்டுனாவ. நாங்க மாறி மாறித்தான் ஓட்டுவோம்."

"அப்ப ஃபைனல்ல நீ ஓட்ட முடியாதுட்டி."

"ஏட்டி, நீ என்ன பெரிய கலெக்டரா? இது நம்ம ரெண்டு பேருக்குந்தான தெரியும்!"

எனக்குத் தெரியும் என்பதுதான் பிரச்சினை. நீக்கிவிட்டேன்.

சாயங்காலம் அவள் ஐடியிலிருந்து மாடரேட்டருக்கு ஒரு செய்தி வந்தது. "மேடம், நான் ரிஸ்வானா வாப்பா. தப்பு என் மேலதான். போன்ல சாப்டியா, படிச்சியாங்கதோட பேச்சு முடிஞ்சு போவுது. இந்த ஆட்டத்துலதான் எங்கிட்ட நல்லா பேசுதா. புள்ளையச் சேத்துக்கிடுங்க, நான் இனி தொடமாட்டேன்."

விதியில் அதற்கு இடமில்லை என்று எழுதினேன்.

"சரிங்க மேடம்" என்று பதில் வந்தது.

போன வருஷம் சாரல் சீசனுக்கு ஊருக்கு வந்திருந்தபோது எங்களை ஐந்தருவிக்குக் கூட்டிப்போனவர். நான் குளித்து வரும்வரை என் மூக்குக்கண்ணாடியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். அவர் என்னை மேடம் என்கிறார். மாடரேட்டர் யார் என்று ரிஸ்வானா அவரிடம் சொல்லவில்லை. அத்தனை கோபத்திலும் சொல்லவில்லை.