உங்கள் மஸ்டாங்கின் இடது கதவு

நெருப்பெரிச்சல்,
26.2.2006, ஞாயிறு.

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

உங்கள் ஜெயசுதா எழுதுவது. இங்கே நானும் அத்தையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்கள் நலமா என்று ஒவ்வொரு கடிதத்திலும் வழக்கத்துக்குக் கேட்பேன். இந்த முறை பதில் வேண்டும் என்பதற்காகவே கேட்கிறேன். நலமாக இருக்கிறீர்களா?

குவைத்திலிருந்து நீங்கள் அனுப்பிய போட்டோ புதன்கிழமை வந்தது. உங்கள் முதலாளி மகனுடைய சிவப்பு மஸ்டாங் கார் மேல் சாய்ந்து, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, வண்டியின் ஆர்.சி. புக்கே உங்கள் பெயரில் இருக்கிற மாதிரி நிற்கிறீர்கள். அத்தை பார்த்துவிட்டு, "எளைச்சுப் போயிட்டானே, அங்க சோத்துக்கு என்ன பண்றானோ" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். "உன் ஸ்கைலைன் தோத்துப்போச்சு. ஒத்துக்க" என்று இரண்டே வரி. அது என்ன கையெழுத்து, கோழி கிளறின மாதிரி? ஒரு கடிதம் எழுதக்கூட நேரமில்லாமல் அப்படி என்ன அவசரமோ தெரியவில்லை.

ஒத்துக்கொள்ள மாட்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் பனியன் கம்பெனி வாசலில் நான்கு மணி டீக்கு நின்றுகொண்டு நாம் நாலு பேர் போட்ட சண்டையில் நம் கல்யாணத்துக்கு முன்னாலோ பின்னாலோ என்றைக்காவது நான் ஒத்துக்கொண்டிருக்கிறேனா? எந்த நாட்டு ஆர்டர் வருகிறதோ அந்த நாட்டுக் காரைப் பனியனில் அச்சடித்து அடித்துத்தான் நமக்கு இந்தப் பைத்தியமே பிடித்தது. நீங்கள் கம்பெனி வேன் ஓட்டிக்கொண்டே கனவில் மஸ்டாங் மாதிரி அமெரிக்க வண்டி ஓட்டுவீர்கள். பெரிய இஞ்சின், பானெட் அதிர வேண்டும், சத்தத்திலேயே பாதி ரோடு காலியாக வேண்டும். பிரிண்டிங் முனீஸுக்கு இத்தாலிதான். "நின்னுக்கிட்டு இருந்தாலும் ஓடுற மாதிரி இருக்கும்க்கா, அதேன் அழகு" என்று சொந்த ஊர்த் தேரைச் சொல்வது போலச் சொல்வான். துணியின் நிறம் சோதிக்கிற கலர் லேபில் இருக்கிற சென்னியப்பன் அண்ணன், ஜெர்மனி வண்டியில் கதவைச் சாத்தினால் ஒரே ஒரு சத்தம் வரும், இரண்டாவது சத்தம் வராது என்பார். இங்கிலாந்து வண்டிக்கு மட்டும் நம்மில் ஆளே கிடையாது. அந்த ஆர்டர் வருகிற அன்றுதான் நாலு பேரும் ஒற்றுமையாக இருப்போம்.

எனக்கு ஜப்பான், அதிலும் ஸ்கைலைன்தான். எங்கள் லைனில் வாயே திறக்காமல் மற்றவர்களைவிட நூறு பீஸ் கூடுதலாகத் தைக்கிற டெய்லர் மாதிரி, ஆர்ப்பாட்டம் இல்லாமல் வேலையை முடிக்கிற வண்டி. நேர் ரோட்டில் உங்கள் வண்டி பறக்கும், வளைவு வந்தால் என் வண்டிதான் ரோட்டைப் பிடித்துக்கொண்டு போகும் என்று நான் சொன்னால், நீங்கள் இடது கையைத் தூக்கிக் காட்டுவீர்கள். "இந்தப் பீச்சாங்கை இருக்குதே, சோறு திங்கறதத் தவிர எனக்கு எல்லாம் இதுதான். கியர் போடற கையே பலமான கைன்னா, வளைவு என்ன பண்ணும்?" என்று பீற்றிக்கொள்வீர்கள்.

பொங்கலுக்கு எழுதிய கடிதத்தில் வாய்க்கொழுப்பில் ஒரு வரி எழுதிவிட்டேன். அங்கே வெள்ளிக்கிழமை தோறும் பாலைவன ரோட்டில் பணக்காரப் பையன்கள் பந்தயம் விடுகிறார்கள், சின்ன முதலாளியின் லைசென்ஸைப் போலீஸ் வாங்கி வைத்துக்கொண்டதால் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு உங்களை ஓட்டச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். உடனே நான், உங்கள் மஸ்டாங் அங்கே பந்தயத்துக்கு வருகிற ஸ்கைலைன் ஒன்றை ஒரு தடவை முந்திக் காட்டட்டும், அப்புறம் ஒத்துக்கொள்கிறேன் என்று எழுதினேன். விளையாட்டுக்குத்தான் எழுதினேன். நீங்கள் நிஜமாகவே போவீர்கள் என்று நினைக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் நாள் முழுக்க ட்யூப்லைட்டுக்கு அடியில் பனியனை விரித்து, ஓட்டை, கறை, ஷேடு வித்தியாசம் பார்த்து, குறை இருக்கிற இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுகிறவள். உங்கள் முகத்தைப் பார்க்கத்தான் போட்டோவை எடுத்தேன், கண் கதவுக்குப் போய்விட்டது. பொங்கலுக்கு முன்னால் நீங்கள் அனுப்பியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதில் வண்டி முழுக்க ஒரே சிவப்பு. இதில் இடது பக்கக் கதவு மட்டும் கொஞ்சம் கறுத்த சிவப்பு. கதவை மாற்றியிருக்கிறார்கள். கதவை மாற்றுகிற அளவுக்கு என்ன நடந்தது?

இடித்தது இடது பக்கம்தானே, ஓட்டுகிறவர் உட்காருவது வலது பக்கம், அதனால் மாமாவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று நாலு நாளாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பக்கத்தில் இருந்த முதலாளி மகனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் உங்களைச் சும்மா விட்டிருப்பார்களா என்று அது வேறு ஒரு பயம். உங்கள் பாஸ்போர்ட் அவர்கள் கையில்தானே இருக்கிறது?

கடிதம் கிடைத்ததும் போன் செய்யுங்கள். சென்னிமலை ஆண்டவரை நினைத்துக்கொண்டு வண்டியை எடுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் எடுக்கவே வேண்டாம்.

இப்படிக்கு,
இன்னும் ஒத்துக்கொள்ளாத,
ஜெயசுதா.


நெருப்பெரிச்சல்,
19.3.2006, ஞாயிறு.

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

அத்தை நலம். காலையில் உங்கள் பெயரைச் சொல்லி விளக்கு வைத்துவிட்டு, இட்லிக்கு ஊறப்போட்டிருக்கிறார். அவருக்கு நான் எதுவும் சொல்லவில்லை. எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் நலமாக இருக்கிறேன் என்று எழுத முடியவில்லை. பயமாக இருக்கிறது மாமா. மூன்று வாரமாகப் பயத்தோடுதான் எழுந்திருக்கிறேன், பயத்தோடுதான் வேலைக்குப் போகிறேன். வியாழக்கிழமை கழுத்துக்குக் கீழே விரல் நுழைகிற ஓட்டை இருந்த பீஸைப் பாஸ் பண்ணி அடுக்கிவிட்டேன். ஏழு வருட வேலையில் எனக்கு இப்படி நடந்ததில்லை.

நீங்கள் போன் செய்தீர்கள், இல்லையென்று சொல்லவில்லை. கதவைப் பற்றிக் கேட்டதும் சிரித்தீர்கள். "பிளாஷ் வெளிச்சம் பட்டிருக்கும் கண்ணு. உனக்குப் பாக்கறதெல்லாம் செக்கிங்தானா?" என்றீர்கள். கையில் காலில் ஏதாவது அடியா என்று நான் கேட்டு முடிப்பதற்குள் போன் கார்டு தீரப்போகிறது என்று வைத்துவிட்டீர்கள். கார்டு தீர்ந்தால் தானாகவே கட்டாகும். நீங்களாக வைத்த சத்தம் எனக்குக் கேட்டது.

மறுநாள் இரண்டு போட்டோவையும் சென்னியப்பன் அண்ணனிடம் கொண்டுபோனேன். சாயப்பட்டறையிலிருந்து வருகிற துணி ஒரே நிறமா என்று பார்ப்பாரே, அந்த லைட் பாக்ஸுக்குள் வைத்து, ஒவ்வொரு விளக்காக மாற்றிப் போட்டுப் பார்த்தார். அப்புறம், "பிளாஷுன்னா வண்டி பூராத்தான் படோணும், கதவுல மட்டும் படாதுங்க அம்மணி. இது வேற லாட்டு" என்றார். ஒரு லாட்டில் சாயம் போட்ட துணியில் இன்னொரு லாட் துணியை வைத்துத் தைத்தால் எப்படித் தெரியுமோ அப்படித் தெரிகிறதாம். சொல்லிவிட்டு, ஜெர்மனி வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் போட்டோவைத் திருப்பிக் கொடுத்தார்.

அவர் சொன்னதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். முனீஸைத்தான் தாங்க முடியவில்லை. அவன் பதினைந்து நாளாக டீக்கு வந்தால் கார் பேச்சே எடுப்பதில்லை. என்னைப் பார்த்தால் கடைக்காரரிடம் சில்லறை கேட்பது போலத் திரும்பிக்கொள்கிறான். வேண்டுமென்றே வம்புக்கு இழுத்தேன். உன் இத்தாலி வண்டியெல்லாம் கண்காட்சியில் நிறுத்தி வைக்கத்தான் லாயக்கு, நம் அவிநாசி ரோட்டில் நாலு நாள் ஓட்டினால் கழன்று விழுந்துவிடும் என்றேன். வேறு நாளாக இருந்தால் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சண்டைக்கு வந்திருப்பான், உங்களுக்கே தெரியும். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாக்கா, நீங்க சொல்றது சரிதேன்" என்றான்.

முனீஸ் ஒத்துக்கொண்டுவிட்டான் என்றால் என்னமோ பெரிதாக நடந்திருக்கிறது. அவனுக்கு நீங்கள் போன் செய்திருக்கிறீர்கள். என்னிடம் சொல்லக் கூடாது என்றும் சத்தியம் வாங்கியிருக்கிறீர்கள். அதற்கு மேல் அவனை நான் ஒன்றும் கேட்கவில்லை. சத்தியத்துக்கு மதிப்புக் கொடுத்து இல்லை. கேட்டால் சொல்லிவிடுவானோ என்று பயந்துதான் கேட்கவில்லை.

நேற்று முன்தினம் அமெரிக்க ஆர்டர் ஒன்று டேபிளுக்கு வந்தது. சின்னப் பையன்கள் சைஸ். நெஞ்சில் சிவப்பு மஸ்டாங், உள்ளே கண்ணாடி போட்ட டிரைவர். அதே படத்தை இதுவரை ஐயாயிரம் தடவையாவது பார்த்திருப்பேன். ஒரு பீஸை விரித்தேன், விரித்த கையோடு நின்றுவிட்டேன். டிரைவர் உட்கார்ந்திருப்பது இடது பக்கம்.

கார் என்றால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நாலு பேர் முன்னால் பேசுகிறவள் நான். அங்கே போன புதிதில், ஸ்டீயரிங் இடது பக்கம் இருப்பதால் கியரை வலது கையால் போட வேண்டியிருக்கிறது, பழகவே மாட்டேன் என்கிறது என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தீர்கள். அந்தக் கடிதம் பீரோவில்தான் இருக்கிறது. அப்படியும் நம் ஊர் வண்டியை மனதில் வைத்துக்கொண்டு, இடது பக்கம்தானே, மாமாவுக்கு ஒன்றும் இல்லை என்று அத்தனை நாள் என்னை நானே தேற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். எதை நம்பினால் தைரியமாக இருக்குமோ அதை நம்பியிருக்கிறேன், அவ்வளவுதான். இடிபட்ட கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தது நீங்கள்தான்.

வீட்டுக்கு வந்ததும் போட்டோவைத் திரும்ப எடுத்தேன். பொங்கல் போட்டோவில் இடது கையைப் பானெட் மேல் வைத்திருக்கிறீர்கள், நான் வாங்கிக் கொடுத்த வாட்ச் தெரிகிறது. இதில் வலது முழங்கையை ஊன்றிச் சாய்ந்திருக்கிறீர்கள். இடது கை முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. தோள் வரைக்கும் தெரிகிறது, அதற்குக் கீழே தெரியவில்லை. பின்பக்கம் இருக்கிற எழுத்தையும் பார்த்தேன். கோழி கிளறினது என்று கேலி செய்தேனே, அது அவசரத்தில் எழுதியது இல்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போல ஒவ்வொரு எழுத்தாக, வலது கையால் எழுதியிருக்கிறீர்கள். அப்படிக் கஷ்டப்பட்டு எழுதியதும் என்னைச் சிரிக்க வைக்கத்தான்.

இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்துவிட்டு எழுதுகிறேன். முதல் தடவை உங்களைத் திட்டினேன். அடுத்த தடவை சின்ன முதலாளியைத் திட்டினேன். மூன்றாவது தடவை எழுதும்போதுதான், பந்தயத்துக்கு உங்களை அனுப்பியது அவர் இல்லை, பொங்கல் கடிதத்தில் நான் எழுதிய அந்த ஒரு வரிதான் என்று புரிந்தது. அந்த வரியை எழுதிய என் கையை என்ன செய்வது என்று தெரியவில்லை.

என்னிடம் மறைக்காதீர்கள் மாமா. தெரிந்துகொள்வதைவிடத் தெரியாமல் இருப்பதுதான் என்னைக் கொல்கிறது. காயமா, எலும்பு முறிவா, அதற்கும் மேலா என்று வேலை செய்யும்போதெல்லாம் மனது ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறது. முனீஸ் வாயால் நான் அதைக் கேட்கக் கூடாது. நீங்கள் சொல்ல வேண்டும். அந்த வண்டியை இனி ஓட்ட முடியுமா, வேலை இருக்குமா என்று யோசித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்காதீர்கள். பாஸ்போர்ட்டைக் கேளுங்கள். கொடுக்க மாட்டேன் என்றால் எனக்குச் சொல்லுங்கள், எந்த ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டுமோ அங்கே நான் போய் நிற்கிறேன். இங்கே கம்பெனிகளுக்கா பஞ்சம்? நீங்கள் உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று கிடைக்காமலா போய்விடும்?

அதுவரைக்கும் ஒரே ஒரு போட்டோ அனுப்புங்கள். கார் வேண்டாம், கறுப்புக் கண்ணாடி வேண்டாம். ஒரு வெள்ளைச் சுவர் போதும். இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நில்லுங்கள். இடது கை எப்படி இருந்தாலும் சரி. ஸ்டிக்கரோடு உட்கார்ந்திருக்கிறாள், குறை பார்ப்பாள் என்று நினைக்காதீர்கள். நான் பார்க்கப்போவது நீங்கள் இருக்கிறீர்களா என்பதை மட்டும்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சென்னிமலைக்குப் படி ஏறப்போகிறேன். உங்களைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் சேர்க்கச் சொல்லி ஆண்டவரிடம் கேட்பேன். வேறு எதுவும் கேட்கப்போவதில்லை.

நீங்கள் கேட்டதற்கும் பதில் எழுதிவிடுகிறேன். ஒத்துக்கொள்கிறேன் மாமா. நேர் ரோட்டிலும் சரி, வளைவிலும் சரி, அமெரிக்கா வண்டிதான் உசத்தி. ஸ்கைலைன் தோற்றுவிட்டது. நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். இதற்கு மேல் எனக்கு எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை, வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தோற்றுப்போன,
ஜெயசுதா.